கடைக் கண்ணாடி நோய்

மார்ச் 6, திங்கள். வால்பராய்சோ, சிலி

மறுபடியும் உள்ளாடைக் கடை. எதிர்வீட்டு கிளாடிஸ் ரொட்டி வாங்கப் போன இடத்தில் அப்பாவைப் பார்த்திருக்கிறாள். "எலியானா, நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஆனா உங்கப்பா அந்தக் கண்ணாடிக்கு முன்னாடி நிக்கிற நிப்பு இருக்கே, ஞாயித்துக்கிழமை பூசையில கூட அவரு அவ்வளவு பக்தியா நின்னு நான் பாத்ததில்ல." ஒன்றும் சொல்லவில்லை என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடிப்பது அவள் வழக்கம்.

அப்பாவுக்கு எழுபத்து நான்கு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா போய் ஆறு வருடமாகிறது. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் நடத்தும் ஒருத்தி, தன் அப்பா எந்தக் கடை முன்னால் நிற்கிறார் என்று ஆராய்வது கண்ணியமா? இல்லை. ஆராயாமல் இருப்பேனா?

மார்ச் 9

நேராகவே கேட்டேன். "வெல பாக்குறேன்" என்றார்.

"எதோட விலைப்பா?"

"எல்லாத்தோடயுந்தான். நாடு போற போக்கு அப்படி."

மேற்கொண்டு கேட்க எனக்கு வாய் வராது. அது அவருக்கும் தெரியும்.

மார்ச் 14

பின்தொடர்ந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில், எதிர்ச்சாரியில், செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு.

முதலில் உள்ளாடைக் கடை முன் நின்றார். உள்ளே கடைக்கார டெல்ஃபினா அம்மாள் பொம்மைக்குச் சிவப்பில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு நடந்தார். அடுத்து நின்றது குழாய்ச் சாமான் கடை. அங்கே தொங்கிய வால்வுகளையும் அதே பக்தியோடு பார்த்தார். அடுத்து கேக் கடை. அதற்கடுத்தது சவப்பெட்டிக் கடை. அங்கே கால் இழுத்தது, முகம் கோணியது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போய் மீன்கடைத் தூணைப் பிடித்துக்கொண்டார். குனிந்து கெண்டைக்காலைத் தேய்த்தார்.

இடைவெளி எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆசை இவ்வளவு சீராக வராது.

காதல் என்றால் கோபப்படத் தயாராகப் போயிருந்தேன். இதற்குத் தயாராக இல்லை.

மார்ச் 15

காலுறையைக் கழற்ற வைத்தேன். இடது சுண்டுவிரல் — கறுப்பு. ஜனவரியிலிருந்தாம். "ஷூ கடிச்சுது, அதுக்குப் போய் ஒரு பேச்சா" என்கிறார். என்ன மனுஷன் இவரு. ரெண்டு மாசமா ஒரே மேசையில உக்காந்து டீ குடிக்கிறோம். வாயத் தொறக்கல.

மார்ச் 21

டாக்டர் பாரியோஸ், ரத்தக்குழாய் அறுவை நிபுணர். என்னைவிட இளைய பெண், என்னைவிடக் குறைவாகச் சிரிப்பவர். பாதத்தில் விரல் வைத்து நெடுநேரம் தேடினார். நாடி கிடைக்கவில்லை. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்திருக்கிறது. நடந்தால் வலிக்கும், நின்றால் அடங்கும். வலியைக் காட்டிக்கொள்ள வெட்கப்படுகிறவர்கள் கடையை வேடிக்கை பார்ப்பதுபோல் நிற்பார்களாம். அதனால் இதற்குப் பெயரே கடைக் கண்ணாடி நோய்.

ஊர் வாயை அடைக்கக் கிளாடிஸிடம் சொன்னேன். "கடைக்கண் நோய்தானே? அதத்தானே நானும் சொன்னேன்" என்றாள்.

வேடிக்கை அத்தோடு சரி. விரல் கறுத்த பிறகு நின்று சமாளிக்கும் கட்டம் தாண்டிவிட்டது. ரத்தம் கீழே இறங்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அப்பா கூரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்புறம் ஷூ பாதி விலைக்குத் தருவானா?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

மார்ச் 30

வியாழக்கிழமைகளில் இவர்கள் குழுவாகக் கூடுகிறார்கள். கத்திக்கு பாரியோஸ். கம்பிக்கு ஓல்கின், படத்தைத் திரையில் பார்த்தபடியே குழாய்க்குள் கம்பி விட்டு, பலூன் ஊதி அடைப்பைத் திறக்கிறவர். மயக்க மருந்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், புண்ணுக்கு செவிலி யாஸ்னா. கடைசியில் எங்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு காலுக்கு இத்தனை பேரா என்று அப்பாவுக்குப் பெருமை.

"முன்னெல்லாம் தொடையிலேருந்து கணுக்கால் வரைக்கும் திறப்போம்" என்றார் பாரியோஸ்.

"இப்ப ஒரு ஊசி ஓட்டை போதும்" என்றார் ஓல்கின்.

"போதாது. தொடை மடிப்புல அடைப்பு சுண்ணாம்பா இறுகிக் கெடக்கு. உங்க பலூன் அதுகிட்ட தோத்துரும்."

"கீழ இருக்கிற அடைப்புக்கு உங்க கத்தி எட்டாதே டாக்டர்."

சம்பந்திச் சண்டை. நான் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். முடிவில் இரண்டும், ஒரே மேசையில், ஒரே நாளில். பாரியோஸ் மடிப்பில் சின்னதாக வெட்டிச் சுண்ணாம்பைச் சுரண்டி எடுப்பார். அதே வாசல் வழியாக ஓல்கின் கம்பியை இறக்கி, கீழே பலூனை ஊதி, மறுபடி அடைக்காமலிருக்க வலைக்குழாய் வைப்பார்.

"கிரேன் வேலைதான்" என்றார் அப்பா. "அந்தம்மா மூடியத் தொறக்கும், நீங்க கப்பல் வயித்துக்குள்ள கொக்கி எறக்குவீங்க. கை நடுங்காதே?"

"காப்பி குடிச்சா நடுங்கும்" என்றார் ஓல்கின்.

"அன்னிக்குக் குடிக்காதீங்க தம்பி."

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். இதே நிலையில் வருகிறவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு ஒரு வருடம் கழித்தும் கால் இருக்கிறது? பாரியோஸ் ஒரு எண்ணைச் சொன்னார். நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அதனால்தான் அவரை நம்பினேன்.

ஏப்ரல் 4

சிகரெட்டை விட்டாயிற்று என்று அப்பா யாஸ்னாவிடம் சத்தியம் செய்தார். அவள் குனிந்து கட்டுப் போட்டுக்கொண்டே, "எந்தக் கையால சத்தியம் பண்றீங்க, தாத்தா? அந்த மஞ்ச விரல் இருக்கிற கையாலயா?" என்றாள். வீட்டுக்கு வந்து சர்க்கரை டப்பாவுக்குள்ளிருந்து ஒரு பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கியது சிகரெட்டை. அவர் கொடுத்தது வேறு ஏதோ. முகம் அப்படி இருந்தது.

ஏப்ரல் 18

காலையில் அப்பா அறுவைக்கு உள்ளே போனார். மத்தியானம் ஆகியும் கதவு திறக்கல. யார் வெளிய வந்தாலும் எழுந்து நிக்கிறேன், துடைக்க வர்ற பொண்ணுக்குக்கூட. பாரியோஸ் சொன்ன எண் மண்டைக்குள்ள சுத்துது. நூத்துல இத்தனை — மீதிப் பேரு யாரு? அவங்களுக்கும் ஒரு மக வெளியில உக்காந்திருப்பாளே.

மாலை.

முதுகில் ஊசி போட்டதால் விழித்தே இருந்திருக்கிறார். திரையைப் பார்த்து விமர்சனம் வேறு. "மெதுவா எறக்கு, மெதுவா" என்றாராம். ஓல்கின் சொன்னார்: "நோயாளி எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தது இதுதான் முதல் தடவை. தப்பாவும் சொன்னாரு."

யாஸ்னா நாடி கேட்கும் ஒரு சிறு கருவியைப் பாதத்தில் வைத்தாள். இரைச்சல். பிறகு உஷ், உஷ், உஷ் என்று அடித்தது. அந்த இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"இங்கதான் வெட்டுவீங்களா?" அப்பா முகம் வெளிறிவிட்டது.

"இங்கதான் நீங்க உசுரோட இருக்கீங்க, தாத்தா."

நான் சன்னல் பக்கம் போய்த் துறைமுகத்தைப் பார்த்தேன்.

ஏப்ரல் 26

சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. கால் பிழைத்தது. அப்பா விரலுக்கு முறைப்படி விடை கொடுத்தார்: "போயிட்டு வாடா. பெரியவங்களப் பாத்துக்க நாங்க இருக்கோம்."

ஜூலை 2, ஞாயிறு

மழை விட்டிருந்தது. எங்கள் மலைக் குடியிருப்பிலிருந்து கம்பிவடத்தில் இறங்கும் இழுவைப்பெட்டியை விட்டு வெளியே வந்த அப்பா நடக்க ஆரம்பித்தார். உள்ளாடை, குழாய், கேக், சவப்பெட்டி — எதன் முன்னாலும் நிற்கவில்லை. மீன்கடை வரை ஒரே மூச்சு. திரும்பிப் பார்த்து, "என்ன, மூச்சு வாங்குதா உனக்கு?" என்றார்.

வாங்கியது. அது நடந்ததால் இல்லை.

ஆகஸ்ட் 11

டெல்ஃபினா அம்மாள் என்னைக் கடைவாசலில் பிடித்துக்கொண்டார். அறுபத்தைந்து இருக்கும். முடியை அழகாகச் சுருட்டியிருந்தார். "உங்கப்பா நிக்கனோர் சாருக்கு எம்மேல ஏதாவது கோபமாம்மா?"

"இல்லையே. ஏன்?"

"தினம் நின்னு பாப்பாரு. அவரு பாக்குறாரேன்னு வாரா வாரம் பொம்மைக்கு மாத்திப் போடுவேன். இப்ப ஒரு மாசமா விறுவிறுன்னு போயிடறாரு. திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. நான் எதாவது அதிகப்படியா போட்டுட்டேனோ?"

என்ன சொல்வேன்? அம்மா, அவர் உங்களுக்காக நிற்கவில்லை, தொடைக் குழாயில் சுண்ணாம்பு என்றா?

"நடுவுல நிக்காம நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றேன். ஆதாரமில்லாத முடிவுக்கு மாணவர்களுக்கு மதிப்பெண் குறைக்கிறவள் நான்.

சாயந்திரம் டீயோடு ரொட்டி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். வெண்ணெய் தடவிய கத்தி நின்றது.

"வாரா வாரமா?"

"ஆமா."

"எனக்காகவா?"

"ஆமாங்கிறேன்ல. நீங்க கவனிக்கவே இல்லையா?"

"அந்த வலியில எவ கண்ணுக்குத் தெரிவா?" ரொட்டியை மென்றார். பிறகு, தட்டைப் பார்த்தபடி: "ஆனா சிவப்பு நல்லா இருந்துச்சு."

செப்டம்பர் 5

மறுபரிசோதனை. நாடி குதிரை மாதிரி ஓடுகிறது. பாரியோஸ் எழுதிக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "நடக்கும்போது எங்கயாவது நிக்க வேண்டி வருதா?"

"ஒரு இடத்துல வருது" என்றார் அப்பா.

பேனா நின்றது. டாக்டர் முகத்தில் அந்தப் பழைய மார்ச் மாதம். "எப்பலேருந்து? எவ்வளவு தூரம் நடந்தா?" ஓல்கினைக் கூப்பிட்டார். கருவி வந்தது. யாஸ்னா வந்தாள். மூவரும் காலைச் சுற்றி நின்றார்கள். எல்லாக் குழாயும் திறந்தே இருந்தது.

"புரியலையே. எந்த இடத்துல வலிக்குது?"

"வலின்னு நான் சொல்லலயே டாக்டர். நிக்க வேண்டி வருதான்னு கேட்டீங்க."

அது எந்தக் கடை என்று மூன்று நிபுணர்களுக்கும் விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பாரியோஸ் சிரித்து இன்றுதான் பார்த்தேன். அப்பா அந்தச் சந்தடியில் கேட்டார்: "பதினெட்டாந் தேதி சுதந்திர தினத்துக்கு ஆடலாமா?"

"எந்தக் கால்ல?"

"ரெண்டுலயும்."

"ஆடுங்க. மிதி வாங்காதீங்க."

செப்டம்பர் 16, சனி

சுதந்திர தின வாரம். தெருவெங்கும் கொடிகள். டெல்ஃபினா அம்மாள் தன் பொம்மையின் வலது கையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கொடுத்திருக்கிறார். பதினெட்டாம் தேதி நடனத்தில் எல்லோரும் அப்படித்தான் தூக்கிப் பிடித்து ஆடுவார்கள். அப்பா கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் எதிர்ச்சாரியில், செய்தித்தாள் இல்லாமலே, பார்க்காதவள்போல் கடந்துவந்தேன்.

செப்டம்பர் 18

காலையில் கிளாடிஸ் மூச்சிரைக்க வந்தாள். "நான் ஒண்ணும் சொல்லலம்மா, ஆனா அந்தப் பொம்மை கையில இப்ப கைக்குட்டை இல்ல."

தெரியும் என்றேன். விடிவதற்கு முன்பே எழுந்து அதை அப்பாவுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தது நான்தான்.