பூச்சியம் ஆறை விடப் பெரிசாம்

அன்பு மகன் நுஸ்கிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான், உங்கட பொஞ்சாதி ஜெஸீமா, உங்கட சின்னவள் ஜுமானா மூண்டு பேரும் அல்லாஹ்ட காவல்ல சுகம், கட்டார் வெயில்ல நீங்களும் சுகமா இருக்கத்தான் ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்கிறன். துறைமுகத்துக் காத்துக்குக் குசினிக் கூரைத் தகரம் ரெண்டு கழண்டிச்சு, நானே ஏறி அடிச்சிட்டன். வொய்ஸ் அனுப்பினா பாதியில நிப்பாட்டிப் போட்டு ஒரு பெருவிரலை அனுப்புவீங்க, அதான் லீவு முடிஞ்சு திரும்புற பக்கத்து வீட்டு சஜீத்ட கையில இதைக் குடுத்து விடுறன். கணக்கு ரிசல்ட் வந்திட்டு. என்னெண்டு கடைசியிலதான் எழுதுவன், முழுக்க வாசிங்க.

பதினொரு வருசமா முன்பள்ளியில பிள்ளைகள்ட மூக்குத் துடைச்சவளை, சாதாரணதரப் பரீட்சையில கணக்குப் பாஸ் இல்லாம நிரந்தரமாக்க ஏலாதெண்டு நிர்வாகம் சொன்னா நான் என்ன செய்ய? நாப்பத்தெட்டு வயசில பரீட்சைக்குப் போனன். வாசல்ல நிண்ட மிஸ், பிள்ளையை விட்டிட்டு வெளியில நில்லுங்க எண்டா, அனுமதி அட்டையைக் காட்டின பிறகுதான் வாயை மூடினா. அந்த முதல் தரம் பெயில்தான், மறைக்க இல்ல. பையில அஞ்சு சிவப்பு மணி, மூண்டு வெள்ளை மணி, எடுத்ததைத் திருப்பி வைக்காம ரெண்டு தரம் எடுத்தா ரெண்டும் சிவப்பா வாற நிகழ்தகவு என்ன எண்டு கேள்வி. எடுத்ததை எடுத்த இடத்தில வைங்க எண்டு பிள்ளைகளோட நாள் முழுக்கக் கத்துற ஆள்தானே நான், மணியைத் திருப்பிப் பையில போட்டிட்டன். எட்டில அஞ்சு, திரும்பவும் எட்டில அஞ்சு! இதைச் சொல்லி நான் அழுத வொய்ஸை ரூமில உள்ளவங்களுக்குப் போட்டுக் காட்டிச் சிரிச்சீங்களாம், சஜீத் சொன்னான். போதாததுக்கு, இந்த வயசில இதெல்லாம் என்னத்துக்கு உம்மா எண்டு ஒரு கேள்வி வேற. அது எனக்கு இண்டைக்கும் நோகுது.

பிறகு பெரிய இஞ்சினியர் புத்தி சொன்னீங்க. சமனிலிக்கு மண்டையை உடைக்காதீங்க, சமன் குறி மாதிரி நினைச்சுச் செஞ்சு கடைசியில அதே குறியைப் போடுங்க எண்டு. நானும் நம்பி, மைனஸ் குறி போட்ட மறை ரெண்டு எக்ஸ் ஆறை விடப் பெரிசு எண்டதுக்கு, எக்ஸ் மறை மூண்டை விடப் பெரிசு எண்டு எழுதினன். சந்தேகத்தில எக்ஸுக்குப் பூச்சியத்தைப் போட்டுப் பாத்தா, பூச்சியம் ஆறை விடப் பெரிசாம்! இந்த மூளையை வச்சா அங்க பாலம் கட்டுறீங்க? உப்புவெளி டியூசன் மாஸ்டர் உங்களுக்கு மேல. யோசிச்சா நேரம் போகும், நிகழ்தகவுக் கேள்வியில 'அல்லது' எண்டு கண்டாக் கூட்டுங்க எண்டார். யோசிக்கப் போகாத நேரம் வேற என்னத்துக்காம்?

மறை எண்ணால வகுத்தாக் குறி மற்றப் பக்கம் திரும்பும் எண்டு பழைய புத்தகத்தில தேடிக் காட்டினது ஜெஸீமாதான். தையல் பெட்டியில இருந்து அஞ்சு சிவப்பும் மூண்டு வெள்ளையுமா எட்டுப் பொத்தானைப் பையில போட்டு என்னை எடுக்கச் சொன்னா. எடுத்ததை நான் திருப்பி வைக்கப் போக, கையில ஒரு தட்டு. மாமிட கையில! ரெண்டாவது தரம் ஏழில நாலு எண்டு அப்பதான் மண்டையில ஏறிச்சு. இவ்வளவு விளங்குற பிள்ளை, கணக்கில மட்டும் பெயிலானதைத் திருப்பி எழுத விடாம கலியாணத்துக்கு அவசரப்பட்டது நாங்கதான் மகன். எனக்கு வெக்கமா இருக்கு.

ரெண்டாந்தரம் எழுதின ரிசல்ட்டுக்கு வாறன். கணக்குக்கு சி. வெறும் பாஸில்ல, அதுக்கு மேல திறமைச் சித்தி. நிர்வாகத்தில நிரந்தரமாக்கின கடிதம் தாறமெண்டு சொல்லிட்டாங்க. இதையும் ரூமில வாசிச்சுக் காட்டுங்க.

நேரத்துக்குச் சாப்பிடுங்க, வெயில்ல தொப்பி இல்லாம நிக்காதீங்க. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுசும் பரக்கத்தும் தரட்டும்.

ஒண்டை மறந்திராதீங்க, இனிப் பின்னேரம் அஞ்சிலிருந்து ஏழு மட்டும் ஜெஸீமா போன் எடுக்க மாட்டா. அவட பரீட்சை விண்ணப்பம் நேத்துப் போட்டாச்சு. உங்களிட்டக் கேக்க இல்ல.

உங்கட உம்மா,
பல்கீஸ்