இரண்டு வாளித் தண்ணீர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். அங்கே குளிர் குறைந்ததா, உன் இருமல் விட்டதா என்று முதலில் எழுது. போனில் கேட்டால் "எல்லாம் சரியாயிடுச்சும்மா" என்பாய். உன்னுடைய சரியாயிடுச்சை நான் முப்பது வருடமாகக் கேட்டு வருகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தோன்றும். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே ஊகித்து, என்னைச் சமாதானப்படுத்தி, வைத்துவிடுவாய். இந்தத் தடவை எனக்குச் சமாதானம் வேண்டாம், நீ முழுதாகப் படித்தால் போதும். உங்கள் கூட்டத்துக்காக ஆய்வகத்துப் பதிவேட்டின் நகலை உன் மீட்டர் அண்ணன் நாளை கூரியரில் அனுப்புகிறார். தினமும் அளவு பார்த்துக் குறிப்பது அவர் வேலை என்பதால், பதிவேடு விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சில்லை. அந்த உறையிலேயே இதையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பாவுக்கு இப்போது புது உத்தியோகம். காலையில் ஆய்வகத்தில் நம் கேன்டீன் மாடிக்கு ஏறி, வெந்நீர்த் தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைக்கிறார். பஸ் ஓட்டிய காலத்தில் முன்கண்ணாடியைக்கூட இவ்வளவு அக்கறையாகத் துடைத்ததில்லை. டீ குடிக்க வருகிறவர்கள் அவரிடம் மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. "வெயில் தண்ணியச் சூடாக்குது. அந்தத் தண்ணி தொட்டியக் கதகதப்பா வெச்சிருக்குது. தொட்டிக்குள்ள இருக்கிற கிருமி கேன்டீன் கழிவைத் தின்னுட்டு அடுப்புக்கு வாயு குடுக்குது. மத்ததெல்லாம் என் பொண்ணு பாத்துக்குவா" என்று ஒப்பிக்கிறார். இதே போல் இன்னொரு தொட்டி நீ இருக்கிற நாட்டில் இருக்கிறது, இரண்டு நாட்டு விஞ்ஞானிகளும் வாராவாரம் இரண்டின் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் குரல் கொஞ்சம் ஏறிவிடும். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கரண்டியை வைத்துவிட்டு நின்று கேட்பேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய். நீ அங்கே போன புதிதில் பதினெட்டு நாள் நம் தொட்டியில் வாயு பாதிக்கும் கீழே போனதை அங்குள்ள தாடிக்காரப் பேராசிரியர் பிடித்துக்கொண்டார் என்றாய். மேகம் போட்டால் வெயிலை நம்ப முடியாது, இரு நாட்டிலும் புதிதாக அமைக்கப்போகும் பத்துத் தொட்டிகளுக்கும் மின்சார ஹீட்டரே வைக்கலாம், உன் வெந்நீர் முறை வேண்டாம் என்று வருகிற கூட்டத்தில் முடிவாகிவிடும் என்றாய். கடைசியில், "என் கணக்குதான் எங்கியோ தப்பும்மா" என்றாய். ஆறாம் வகுப்பில் வேறொருத்தி உடைத்த சோதனைக் குழாய்க்கு நீ மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாயே, அன்றைக்குக் கேட்ட அதே குரல்.

உன் கணக்கு தப்பில்லை. தப்பு செய்தது நான்.

பேராசிரியரும் அவர் ஆட்களும் தொட்டியைப் பார்க்க வருவதற்கு முந்தின நாள் மாலை. கழிவு சேர்க்கும் டிரம் பக்கத்தில் போனாலே மூக்கைப் பிடிக்க வேண்டும், உனக்குத் தெரியும். அத்தனை தூரத்திலிருந்து வருகிறவர்கள் என் கேன்டீனைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது என்று, பிளீச்சிங் பவுடர் போட்டு டிரம்மைத் தேய் தேய் என்று தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது. தேய்த்த தண்ணீர் இரண்டு வாளி இருந்தது. சாக்கடையில் ஊற்றத்தான் தூக்கினேன். அப்போதுதான் சுவரில் நீ ஒட்டிய தாள் கண்ணில் பட்டது. "டிரம்மில் இருப்பது ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது, எல்லாம் தொட்டிக்கே." மகள் எழுதியதை மீறலாமா என்று, இரண்டு வாளியையும் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. மேலே சேர்ந்திருந்த வாயுவில் அடுப்பு நீலமாக எரிந்தது. தாடிக்காரர் அந்த அடுப்பில் போட்ட டீயை இரண்டாவது தரம் கேட்டு வாங்கிக் குடித்தார். நீ என்னைக் காட்டி, "இவங்க கேன்டீன் பொறுப்பாளர்" என்று சொன்னாய். நான் கையைத் துடைத்துக்கொண்டு வணக்கம் சொன்னேன். இரண்டு நாளில் அவர்களோடு நீயும் விமானம் ஏறிவிட்டாய். அதன் பிறகுதான் சுடர் சுருங்க ஆரம்பித்தது. நம் போறாத வேளை, அதே வாரம் மேகமும் மூடிக்கொண்டது.

உன் மீட்டர் அண்ணன் தொட்டி வாயைத் திறந்து முகர்ந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். என்னம்மா ஊத்துனீங்க என்றார். சொன்னேன். கிருமிகளை அழிப்பதற்கே செய்த பவுடராயிற்றே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு, "விடுங்க, வெளிய தெரிஞ்சா உங்க கேன்டீனுக்கே வினையாயிடும். பழிய மேகத்து மேல போட்டுடலாம்" என்றார். பதிவேட்டில் மேகமூட்டம் என்று மட்டும் எழுதினார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பழி உன் வெயில் மேல் விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை இயக்குநர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டில் என் கையால் எழுத வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எழுதினால் என்ன ஆகும் தெரியுமா என்றார். "தெரியும் சார், அதான் பேனாவோட வந்தேன்" என்றேன். எழுதினேன். என் எழுத்துக்குக் கீழே, தெரிந்தும் மறைத்தேன் என்று மீட்டரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார், யாரும் கேட்காமலே. அடுத்த வருடம் கேன்டீன் என்னிடம் இருக்குமா என்பதைக் குழு பார்த்துச் சொல்லுமாம். பார்க்கட்டும். இருபத்திரண்டு வருடத்தில் என் சாப்பாட்டில் ஒரு குறை சொல்லியிருப்பார்களா?

நான் சொன்னதை மட்டும் வைத்து உன் பேராசிரியர் ஒத்துக்கொள்ள வேண்டாம். மகளுக்காக இவள் எதையும் சொல்வாள் என்று யாராவது நினைக்கலாம். அதனால் இன்னொன்றும் அனுப்புகிறேன். சிலிண்டருக்கு மாறும் நேரம் தெரிவதற்காக, தொட்டி வாயு எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்று சுவர்க் காலண்டரில் தினமும் குறிப்பேன். நீ கேலி செய்வாயே, அதேதான். வழக்கமாகப் பகல் பன்னிரண்டு வரை எரியும். அவர்கள் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, இரண்டு நாட்டுக் கூட்டுப் பதிவு தொடங்காத சமயத்தில், ஒன்பது நாள் வெயிலே இல்லை. அப்போது பதினொன்றேகாலுக்குத் தீர்ந்தது. நான் வாளியை ஊற்றிய பிறகோ ஒன்பதுக்கே அணைந்தது. தொட்டியின் சூடு இரண்டு தடவையும் அதே மூன்று டிகிரிதான் இறங்கியிருந்தது. அது மீட்டரின் பழைய நோட்டில் இருக்கிறது, அதன் நகலும் உறைக்குள் உண்டு. ஆக, வெயில் போனால் முக்கால் மணி நேரம் குறையும், பிளீச்சிங் பவுடரும் உள்ளே போனால் மூன்று மணி நேரம் குறையும். எட்டாவது வரை படித்தவள் போட்ட கணக்கு. இதில் தப்பு இருந்தால் தாடிக்காரர் காட்டட்டும்.

காலண்டர் தாள்களில் எண்ணெய்க் கறை இருக்கும், முகம் சுளிக்காதே. தொட்டி இப்போது தேறிவிட்டது. மீட்டர் சாணம் கரைத்து ஊற்றி, நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டார். நேற்று பன்னிரண்டேகால் வரை எரிந்தது.

கூட்டத்தில் இந்தப் பதிவேட்டுத் தாளைப் பார்த்து, எழுதியது யார் என்று கேட்பார்கள். அன்றைக்கு அவர்களிடம் நீ என்னைக் கேன்டீன் பொறுப்பாளர் என்று மட்டும் சொன்னதற்குக் காரணம் பிறகு சொன்னாய், அம்மாவின் கேன்டீனிலேயே தொட்டியை வைத்துக்கொண்டாள் என்று தப்பாக நினைப்பார்கள் என்று. நியாயம்தான். இப்போதும் கேன்டீன் பொறுப்பாளர் என்று சொன்னால் அதில் பொய் இல்லை. இத்தனை பெரிய தப்பைச் செய்தவளை வேறு எப்படிச் சொல்வாய் என்றும் யோசித்துப் பார்த்தேன்.

பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் "யார்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் கேன்டீன் என்று எழுதி, மீதியைக் காலியாக விட்டிருக்கிறேன். உனக்கு வரும் நகலில் இன்னும் ஒரே ஒரு வார்த்தை எழுத இடம் இருக்கிறது. எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம் கண்ணு.

நீ போடும் கணக்கெல்லாம் பலிக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா