வளவின் ஓரத்து வீடு

ஆரையம்பதி
12.01.2024

அன்புத் தங்கச்சி தக்ஷாயினிக்கு,

நாங்கள் சுகம். ஆய்வுக்குப் போன கொலோன் நகரத்துக் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதினால் அம்மா வாசித்துவிடுவா, அதுதான் கடிதம்.

என் கலியாணத்தோடு இந்த வீட்டை எனக்கு எழுதிவிட்டு அப்பாவும் அம்மாவும் வளவின் ஓரத்துத் தகரக் கொட்டிலுக்குப் போனார்கள். மகள்மாருக்கு வீடு கொடுப்பது ஊர் வழக்கம்தான்; இளையவள் உனக்கு அடுத்த வீட்டை அங்கே கட்டவேண்டும். ஆனால் தகரத்தில் மழை விழும்போது, அவர்களை நான்தான் வெளியே தள்ளிவிட்டேன் என்று தோன்றுகிறது. திரும்பி வரச் சொன்னால் அப்பா, "இது உன்ட வீடு மகள். எங்களுக்கு இளையவள்ற அலுவல் கிடக்கு" என்கிறார். நீ வருவாயா என்று தெரியாமல் அத்திவாரமும் வெட்டமாட்டாராம். கேட்டால் நீ வானத்தைப் பற்றியே பேசுகிறாய். ஒரு பதில் சொல்லுகா, தங்கச்சி.

உன் அக்கா,
கஜானி

கொலோன்
02.02.2024

என் அக்காவுக்கு,

பதிலுக்கும் வானத்துக்குத்தான் போகவேண்டும். கோபிக்க வேண்டாம்.

ஒரு பெரிய நட்சத்திரத்தின் ஒளி, சுற்றியுள்ள வாயுவின் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்துவிடும். அப்படி அயனாகிய வாயு சூடேறி ஊதிப் பெருத்து, வெளியே இருக்கும் குளிர்ந்த வாயுவைத் தள்ளிக்கொண்டு போகும். தள்ளப்பட்டது தொலைவதில்லை. விளிம்பில் சேர்ந்து நெருங்கி, தன் பாரத்தாலேயே சுருங்கி, அடுத்த பெரிய நட்சத்திரங்களாகிறது. அவை தள்ளியதால் பிறந்தவையா, எப்படியும் பிறந்திருக்குமா? அதுதான் என் ஆய்வு. இன்னும் தெரியவில்லை.

என்னைப் பற்றியும் தெரியவில்லை. கொட்டிலில் படிக்க இடமில்லாமல்தான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக விடுதிக்குப் போனேன். அங்கேதான் பௌதிகம் பிடித்தது. என்னையும் நீங்கள் தள்ளியிருந்தால், நல்லதாகத்தான் தள்ளியிருக்கிறீர்கள்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: ஆய்வு முடிந்ததும் வருவேன், வந்தாறுமூலையில் படிப்பிக்க. மாப்பிள்ளை இல்லாமல், தனியாக. அப்படி வருகிறவளுக்கும் வீடு உண்டென்றால் கட்டட்டும். கூரை தட்டையாக, ஏறப் படியோடு.

தக்ஷா

ஆரையம்பதி
25.02.2024

தக்ஷா,

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "மாப்பிள்ளை இல்லாமல்" என்ற இடத்தில் அம்மா எழும்பிப் போய், கழுவிய சட்டியைத் திரும்பவும் கழுவினா.

"மறுகா என்ன, அத்திவாரம் வெட்டுவம்" என்றார் அப்பா. "வீடு மாப்பிள்ளைக்கா, மகளுக்கா? வானத்தில வெள்ளி பாக்கிற புள்ளைக்கு ஓடு சரிவராது. தட்டையாத்தான் போடணும்."

நேற்று அத்திவாரம் வெட்டினார்கள். மேசன்மாருக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது அம்மா மெல்ல, "குசினி பெரிசா இருக்கட்டும், நாலு பேருக்குச் சமைக்க, எதுக்கும்" என்றா. அவவை மன்னித்துவிடு.

படியை என் வீட்டுப் பக்கமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் ஏறிப் பார்க்கவேண்டும்.

அக்கா