எடைமேடைக்குப் போன இரண்டாவது கேபிள்

இன்று காலை நம் பழைய கன்டெய்னர் யார்டில் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தேன். உப்புக் காற்றில் துருவேறிய கதவு முனகிக்கொண்டு வந்தது. உள்ளே இரண்டு நீலக் கேபிள்கள். இரண்டையும் சேர்த்து நீ ஒட்டிய சீட்டு இன்னும் இருந்தது: "இது ரெண்டும் ஒரே லைன். கை வச்சீங்க, நான் வருவேன்." நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. யாரும் கை வைக்கவில்லை போலிருக்கிறது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்புறம் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த யார்டின் கணினிப் பிரிவு என்றால் நாம் இருவர்தான். நீ பெரியதாழைக்காரி, நான் ஆழ்வார்திருநகரி. அலுவலகத்திலிருந்து எடைமேடைக்கு அப்போது ஒரே ஒரு கேபிள். லாரியின் எடை, கேமராப் படம், கேட் பாஸ் எல்லாம் அதன் வழியேதான் போகவேண்டும். முனையில் உப்புப் பூத்து இணைப்பு அடிக்கடி விட்டுப்போகும். லாரிகள் வாசலில் வரிசை கட்டும். இன்னொரு கேபிள் இழுத்து, இரு முனை ஸ்விட்சுகளிலும் கேபிள் செருகும் போர்ட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே இணைப்பாக்கலாம், ஒன்று விட்டாலும் மற்றது ஓடும் என்று மேனேஜரிடம் ஒரு மாதம் கெஞ்சினோம்.

"செய்யுங்க. சொதப்புனீங்கன்னா வெளிய ஒரு கம்பெனிக்குக் குடுத்துருவேன். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் எதுக்கு?" என்றார்.

கேபிள் இழுத்து முடித்த அன்று மதியம் நீ சாப்பிடப் போயிருந்தாய். நீ திரும்புவதற்குள் முடித்துக் காட்டிவிடும் ஆசை எனக்கு. ஸ்விட்சுகளில் எந்த அமைப்பையும் மாற்றாமல் இரண்டாவது கேபிளைச் செருகிவிட்டேன். போன தகவலே இரண்டு வழியிலும் சுற்றிச் சுற்றித் திரும்பி வர, பெட்டியின் விளக்குகள் எல்லாம் ஒன்றாகப் படபடத்தன. கேமராப் படம் உறைந்தது. கேட் திறக்கவில்லை. வெளியே ஹாரன்கள் அலறின.

நீ எச்சில் கையோடு ஓடி வந்தாய்.

"மாதாவே! ஏளா, என்னத்தச் செஞ்ச?"

"ரெண்டாவதையும் மாட்டிட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுன்னு நாம சொல்லாம அதுக்கு எப்படிளா தெரியும்?"

கேபிளைப் பிடுங்கினாய். யார்டு மூச்சு விட்டது. கேபிளில் சாளை மீன் குழம்பு ஒட்டியிருந்தது.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "யாரு செஞ்சது?"

நான் வாயைத் திறக்குமுன் நீ சொன்னாய்: "நாங்கதான் அண்ணாச்சி. பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. ஒரு மணி நேரம் குடுங்க."

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாய். அந்த முனை ஸ்விட்சில் இரண்டு போர்ட், இந்த முனையில் இரண்டு. அமைப்பில் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டு, பிறகுதான் கேபிளைச் செருகினோம். மேனேஜர் ஒரு பெரிய ஃபைலை அனுப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"முன்ன இருந்த வேகத்துலதானே போகுது?"

நீ அசரவில்லை.

"ஒரு ஃபைலு ஒரு கேபிள் வழியாத்தான் போகும் அண்ணாச்சி. நாலு பேரு சேந்து அனுப்புனாத்தான் ரெண்டுலயும் பிரியும். அத விடுங்க, இங்கன பாருங்க" என்று, அவர் தடுப்பதற்குள் முதல் கேபிளை உருவிவிட்டாய்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது திரையில் ஒரு லாரி எடைமேடை மேல் ஏறிக்கொண்டிருந்தது. எடை விழுந்தது. கேட் திறந்தது.

"இன்னொண்ணையும் புடுங்குவியோ?" என்றார் மேனேஜர்.

"அதப் புடுங்குனா நீங்க என்னைப் புடுங்கிருவீங்க."

அவர் சிரித்து நாம் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. வெளிக் கம்பெனிப் பேச்சு அதோடு நின்றது.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது அந்த மதியத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். இத்தனை வருடமாக மனதில் கிடந்தது. நீ மெலிந்த கையால் என் தொடையில் ஓர் அடி போட்டாய்.

"நீ மாட்டலைன்னா நான் மாட்டிருப்பேம்ளா. எனக்கும் அவசரந்தான். சோறு முந்திட்டு, அவ்வளவுதான்."

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தோம்.

இன்று இங்கே புது ஸ்விட்சுகள் மாட்டும் வேலை. இப்போது என்னோடு வேலை செய்பவள் மேசையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறாள். பத்து நிமிடத்தில் நான் ஒருத்தியே முடித்துவிடலாம். கை பரபரக்கத்தான் செய்கிறது. ஆனாலும் எதையும் செருகாமல், அவள் வரட்டும் என்று உட்கார்ந்து, உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.