இருபத்து நான்கு புள்ளி இரண்டு

ஜூலை 14, திங்கள்

அனல். மத்தியானம் கோட்டை மலைப் பாறையைப் பார்த்தாலே கண் கூசியது. பயாலஜி டெஸ்ட், இதயத்தின் படம், 20க்கு 19. வகுப்பில் முதல் மார்க். பேப்பரைக் கொடுத்துவிட்டு டீச்சர் கேட்டது: "தங்கச்சி எப்படி இருக்கா?"

மலருக்கு வேறொரு பிள்ளையின் இதயம் வைத்து எட்டு மாதம். அன்றிலிருந்து எல்லாம் அவளுக்கு. தனி ரூம். ஏசி. நைனாவின் போன். தோல் சீவிய ஆப்பிள். சென்னைக்குப் போக வாடகைக் கார். எக்கோ எடுத்துவிட்டு வரும்போதெல்லாம் பெருமை வேறு: "என் இதயத்த டிவில பாத்தேன். உன்னுத நீ பாத்துக்கிறியா?"

19 மார்க்கை வீட்டில் சொல்லவில்லை.

நைனா, விவசாயிகள் நெல் விற்க வரும் கமிட்டியில் மூட்டை எடை போடுகிறவர். விடிவதற்குள் போய்விடுவார். அதனால் தினமும் காலை, சாப்பிடும் முன் மலரை மெஷினில் நிற்க வைத்து எழுதுவது என் வேலை. "எடை எழுதறவ கை சுத்தமா இருக்கணும் கண்ணு" என்றுதான் நோட்டைக் கொடுத்தார்.

இன்று 24.2.

ஜூலை 15, செவ்வாய்

வெள்ளிக்கிழமை ஸ்கூல் டூர், மண்டகப்பட்டு குகைக்கோயில். இருக்கிற தூரத்துக்கு மத்தியானச் சோற்றுக்குள் திரும்பிவிடலாம். அம்மா விடவில்லை. "கும்பல்ல போயி இருமல வாங்கியாருவ. பாப்பாக்கு ஒட்டிக்கும்."

"எல்லாரும் போறாங்கம்மா."

"எல்லார் வூட்லயும் இப்டி ஒரு பாப்பா இருக்குதா?"

மலர் சிரித்தாள். கண்டிப்பாகச் சிரித்தாள்.

ஜூலை 18, வெள்ளி

எல்லாரும் போய்விட்டு வந்தார்கள். குகைக்குள் ஜில்லென்று இருந்ததாம்.

புதனிலிருந்து அவளை எடை போடவில்லை. "அக்கா, மெஷினு?" "நீ போ, நான் எழுதிக்கிறேன்." 24.2. 24.2. இன்று 24.3, சந்தேகம் வராமலிருக்க. அவளைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒன்று என் கையில். பிடித்திருந்தது.

பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா ஜன்னல் வழியாக: "பாப்பா கன்னம் பூசுனாப்புல அழகா இருக்குது. பெரியவதான் ஈர்க்குச்சியா நிக்கிறா."

அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

ஜூலை 19, சனி

காலையில் 24.2 என்று எழுதினேன். பார்க்கவில்லை.

சாயங்காலம் அவள் சாக்ஸைக் கழற்றினேன். கணுக்காலைச் சுற்றிப் பள்ளமாய்த் தடம். விரலால் அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. மெஷினில் ஏற்றினேன், 26.1. இறக்கி மறுபடி ஏற்றினேன். 26.1.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டரம்மா சொன்னது மனப்பாடம். "ரெண்டு நாள்ல ஒரு கிலோ ஏறினா உடனே போன் பண்ணுங்க. அந்த இதயத்தை உடம்பு வேண்டாம்னு தள்ள ஆரம்பிச்சிருக்கலாம்."

வேண்டாம் என்றது அவள் உடம்பா, நானா.

சொல்லவில்லை. அவள் மூச்சை எண்ணிக்கொண்டே இதை எழுதுகிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

பயத்தில் இன்றும் 24.2.

ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து நர்ஸ் போன் செய்வார். அம்மா நோட்டைப் பார்த்துப் படித்தாள். "ஒரே சீரா இருக்கே. வியாழக்கிழமை எக்கோவுக்கு வந்தா போதும்மா."

வியாழன். இன்னும் நாலு நாள்.

நைனா பின்பக்கம் வண்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"நைனா, நோட்டுல இருக்குறது நான் பாக்காம எழுதுனது."

"எது?"

"புதன்லேர்ந்து எல்லாம். பாப்பா இருபத்தாறு கிலோ இருக்குறா."

வாளி நிரம்பி வழிந்தது. குழாயை மூடவில்லை.

"கமிட்டியில எவனாவது இப்டி எழுதுனா நான் இன்னா செய்வேன், தெரியுமா?"

தெரியும். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

அவரே இரண்டு தடவை எடை போட்டார். போன் செய்தார். இப்போதே கிளம்பி வரச் சொன்னார்கள். என்னை மும்தாஜ் அக்கா வீட்டில் விடலாம் என்றாள் அம்மா. நைனா விடவில்லை. "இவளும் வரட்டும். எழுதுனவளே சொல்லட்டும்."

அந்தக் காரில் முதல் தடவை. முன் சீட்டு.

ஜூலை 21, திங்கள், சென்னை

எக்கோ ரூம். குளிர், அரை இருட்டு. மலர் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நெஞ்சில் கூழ் தடவி டாக்டரம்மா கருவியை வைத்ததும் திரையில் அது. நான் வரைந்த படம் மாதிரியே இல்லை. கறுப்புக்குள் வெள்ளை மடிப்புகள், திறந்து, மூடி, திறந்து.

"அக்கா, பாத்தியா என் டிவிய."

போன தடவை எடுத்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இதயச் சுவர் தடித்திருக்கிறது. சுற்றிக் கொஞ்சம் நீர். ரத்தத்தைத் தள்ளும் அளவு அப்போது 62, இன்று 45.

"நாளைக்குக் கழுத்து வழியா இதயத்துலேர்ந்து ஒரு துணுக்கு எடுத்துப் பாத்தாதான் உறுதியா தெரியும். மருந்தை இப்பவே ஏத்திடலாம்."

நோட்டைக் கேட்டார். ஒவ்வொரு தேதியிலும் விரல் வைத்தார். "இது?" "பொய்." "இது?" "பொய்." ஐந்து. திட்டவில்லை. சிவப்புப் பேனாவால் அடித்தார்.

நைனா கடைசிவரை அவள் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே நின்றார். அப்போதும் எனக்கு எரிந்தது. எழுதிவிட வேண்டும். எரிந்தது.

ஜூலை 22, செவ்வாய்

பத்து மணிக்குத் துணுக்கு எடுக்கிறார்கள். ரிசல்ட் நாளைக்கு.

காலையில் வார்டுக்கு எடை மெஷின் வந்தது. நோட்டும் பேனாவும் நைனா கையில். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மலர் ஏறி நின்றாள். "அக்கா எழுதட்டும்."

"சும்மா நில்லு கண்ணு."

"அக்கா எழுதுனாதான் எறங்குவேன்."

அவள் கேட்டதால் கொடுத்தார். நான் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்.

குனிந்து, கமிட்டியில் கூவுகிற குரலில் இரண்டு தடவை சொன்னார். "இருபத்தஞ்சு புள்ளி நாலு. இருபத்தஞ்சு புள்ளி நாலு."

நானும் குனிந்து பார்த்தேன். பிறகுதான் எழுதினேன்.