ஆணியில் தொங்கிய போர்வை

மச்சான், நோட்டின் முதல் பக்கத்திலேயே எண்ணெய்க் கறை படிந்துவிட்டது. மெஷின் எண்ணெய். மோந்து பார்த்தேன், உங்கள் சட்டை வாசம். முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு நானாக எழுதும் முதல் கடிதம் இது. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் வெற்றிலை போட்டு முடித்துவிடலாம், அவ்வளவு மெதுவாக வருகிறது. ஆனால் வருகிறது!

காரைக்குடியில் உங்கள் தையல் கடையில் நான் காஜா எடுத்து, பட்டன் கட்டிக்கொண்டிருந்தேன். என் அக்காவின் புருஷன் நீங்கள். எனக்கோ மெஷினில் உட்கார வேண்டும் என்று ஒரே ஆசை. கேட்டால், "டேப்புல நம்பர் படிக்கத் தெரியுமா மாப்ளே?" என்பீர்கள். கேட்டுக் கேட்டு ஒரு நாள் உங்களுக்கே சலித்துவிட்டது.

"டேப்பு வேணாம், துணியில அளவு போட்டு வரைய வேணாம். ஒரு ஒட்டுப்போர்வை தச்சுக் கொண்டா. தரையில விரிச்சா மேடு தட்டக் கூடாது. தட்டலேன்னா அந்த ஓரத்து மெஷின் உனக்கு."

அக்கா தன் பழைய கண்டாங்கிச் சேலைகளைக் கொடுத்தாள். கண்டாங்கியில்தான் நெய்யும்போதே கட்டம் விழுந்திருக்கிறதே, டேப் எதற்கு? துண்டுக்கு எட்டுக் கட்டம் எண்ணி, கோட்டின் மேலேயே கத்தரியை ஓட்டினேன். அரக்கில் ஒரு சதுரம், பக்கத்தில் மஞ்சள், அதற்குக் கீழே கறுப்பு. ஒரு சேலையின் கட்டமும் இன்னொன்றின் கட்டமும் ஒரே அகலம் இல்லை என்பது உறைக்கவே இல்லை. பொருந்தாத இடத்தில் இழுத்துப் பிடித்துத் தைத்தேன்.

கடையில் விரித்தேன். நடுவில் அப்பளம் போல் எழும்பி நின்றது. கையால் அமுக்கினேன், வேறு பக்கம் எழும்பியது.

"போர்வை கேட்டா குன்றக்குடி மலையத் தச்சுக் கொண்டாந்திருக்கான்! ஏறிச் சாமி கும்பிடவாடா?"

அதோடு விட்டீர்களா? கடை வாசலில் ஆணி அடித்து மாட்டினீர்கள். "வாங்க, மலையப் பாத்துட்டுப் போங்க. நம்ம மச்சினன் கட்டுனது" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னீர்கள். எனக்குப் பெண் கொடுக்க விசாரித்து வந்தவர்களிடமும் சொன்னீர்கள். அவர்கள் கலர் சோடா குடித்துவிட்டுப் போனார்கள், போனவர்கள்தான். நான் கடைசிவரை காஜாதான் எடுத்தேன்.

பிறகு நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். அந்த மார்கழியில், உங்கள் மகன் வாங்கிவந்த கம்பளி குத்துகிறது என்று தள்ளிவிட்டீர்கள்.

"மாப்ளே, அந்த மலைய எடுத்தாடா. பழைய சேலை, மெத்துன்னு இருக்கும். குளுருது."

எடுத்து வந்தேன். உங்கள் கால்மாட்டுச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதில் மாட்டினேன்.

"பாத்துக்கிட்டே இருங்க மச்சான்."

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். உங்களுக்குப் பல் கிட்டியது. எனக்கு மனம் குளிர்ந்தது. இன்றைக்கு நினைத்தாலும் குளிர்கிறது.

நீங்கள் கெஞ்சவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக் கிடந்துவிட்டு, "பழிய மட்டும் மேடு தட்டாமத் தச்சுட்டியேடா" என்றீர்கள். என் தையலை நீங்கள் மெச்சியது அது ஒன்றுதான் மச்சான்.

அக்கா உள்ளே வந்து பார்த்தாள். "நல்லா இருக்கீக ரெண்டு பேரும்!" என்று ஆணியிலிருந்து பிடுங்கி உங்கள்மேல் போர்த்தினாள். நடுவில் எழும்பிய மேடு உங்கள் தொந்தியின்மேல் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. அந்தப் போர்வைக்குள்ளேயே போய்ச் சேர்ந்தீர்கள். போர்வையும் உங்களோடு போய்விட்டது.

காரியம் முடிந்ததும் அக்கா அந்த ஓரத்து மெஷினை என் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். மிதிக்க இப்போது என் காலில் பலம் இல்லை. அதன் பலகைமேல் நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கறை வந்த கதை அதுதான்.

நேற்று வகுப்பு டீச்சர் என் நோட்டை எட்டிப் பார்த்து, "ஐயா, வரி ஏறி ஏறி இறங்குதே" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் சிரிப்பு கேட்டுவிட்டது. எது கோணினாலும் அதுதான் முதலில் கேட்கிறது. வேறு யார் சிரித்தாலும் அவ்வளவு வலிப்பதில்லை, அவ்வளவு ருசிப்பதும் இல்லை.

எழுதி முடித்ததும் என் வீட்டு வாசலில் ஆணி அடித்து இதை மாட்டப் போகிறேன். வாங்க மச்சான், மலையப் பாத்துட்டுப் போங்க.