தொட்டியில் விளைந்த வெந்த கேரட்

கோபித்துக்கொண்ட மகாராஜாவுக்கு,

நேற்று உங்கள் அக்கா முன்னால் உங்கள் தொப்பையைக் கிண்டல் செய்தேன் என்று இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள். காலையிலும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைக்காரன் மகளான என்னிடம் முறுக்கிக்கொண்டு நின்றால் விலை குறையாது. இருந்தாலும் நானே இறங்கி வருகிறேன்.

அடுப்பின் மேல் காய்கறி சூப் இருக்கிறது. டாக்டர் சொன்னபடி எண்ணெய் இல்லை, உப்பும் கம்மி. "காய் கழுவின தண்ணி மாதிரி இருக்கு"ன்னு முனகாதீங்க. கொழுப்பில்லாத கோழிக்கறி உருண்டைகளும் அதில் மிதக்கின்றன.

போன வாரம் உருண்டைகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, சூப்பை ரோஜாச் செடிக்கு ஊற்றினீர்கள். உலகத்திலேயே வெந்த கேரட் விளைந்த தொட்டி நம் வீட்டுத் தொட்டிதான். அதனால் இந்த முறை கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் அரைத்து உருண்டைக்குள்ளேயே பிடித்துவிட்டேன். கறி பேருக்குத்தான். எங்கள் அப்பா கடையில் கலப்படம் கிடையாது, ஆனால் கலப்படம் செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பொறுக்கித் தின்றாலும் காய், குடித்தாலும் காய். உங்கள் சௌகரியம்.

இந்தக் கடிதத்தையும் சாவியையும் பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்துவிட்டு அப்பா கடைக்குப் போகிறேன்.

பி.கு: அக்காவிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். "நீ சொன்னது பொய்யா என்ன?"ன்னு சிரிச்சாங்க. நான் சிரிக்கவில்லை.

இன்னொன்று: உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளை டாக்டர் இரண்டு முறை படித்தாரே, அது என் கண்ணிலேயே நிற்கிறது. சண்டை போட எனக்கு வேறு ஆள் இல்லை. சூடு பண்ணிக் குடிங்க.